நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

பள்ளி விட்ட பிறகு நடக்கும் வகுப்புகளில், வசதி குறைந்த பிள்ளைகளுக்குத் தொழில்முனைவு கற்றுத்தரப் பணம் கொடுக்கிறவர்களுக்கும், அந்த வகுப்புகளை நடத்துகிறவர்களுக்கும், அதற்குப் பாடம் எழுதித் தருகிறவர்களுக்கும்,

வணக்கம். ஆறு வருடமாக வாரத்துக்கு இரண்டு மாலை இந்த வகுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஆண்டறிக்கையில் 'தன்னார்வலர்கள்' என்று ஒரு எண் வரும் இல்லையா, அதில் நானும் ஒன்று. குறை சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் முதல் குறை என்மேல்தான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருடம் என் வகுப்பில் 15 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பள்ளி ஆண்டு முடியும்போது எல்லோருடைய நோட்டிலும் கடைசிப் பக்கங்கள் எழுதாமல் மிஞ்சும், அவற்றைச் சேகரித்து, ஒரே அளவில் வெட்டி, அட்டை போட்டுத் தைத்துப் புது நோட்டாக விற்கலாம் என்பது அவளுடைய யோசனை. கணக்கு எழுதிக்கொண்டு வந்தாள். அட்டை இவ்வளவு, நூல் இவ்வளவு, பசை இவ்வளவு. தைக்கும்போது உடைந்த இரண்டு ஊசியைக்கூட விடாமல் எழுதியிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உன் கூலி எங்கேம்மா?" என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "நான்தானே சார் தைச்சேன்?" என்றாள். ஒரு நோட்டுத் தைக்க 40 நிமிடம் ஆகிறது என்று அப்புறம்தான் சொன்னாள். அந்த 40 நிமிடத்துக்கு விலை உண்டு என்பதை அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. வீட்டில் அவள் செய்கிற வேலைகளுக்கும் யாரும் விலை போட்டிருக்க மாட்டார்கள், அவளுக்கு மட்டும் அது எங்கிருந்து தோன்றும்?

சரி, இதுவரை நல்ல பாடம்தான். நோட்டுகள் விற்றன, காசு ஒரு டப்பாவில் சேர்ந்தது. மூன்றாவது வாரம் டப்பா காலி. அடுத்த சுற்றுக்கு அட்டை வாங்கக் காசில்லை. எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க, "முதலை எடுத்துச் சாப்பிட்டால் தொழில் நிற்குமா? இதுதான் ஒழுங்கா?" என்று நான் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அவள் எதுவும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான், அம்மாவுக்கு மருந்து வாங்க எடுத்தேன் என்று சொன்னாள், அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

ஏனென்றால் நான் சொன்னது பாடப்புத்தகப்படி சரி. தொழில் பணமும் வீட்டுப் பணமும் கலக்கக்கூடாது. டொமினிக்கன் குடியரசில் சிறுகடன் வாங்கித் தொழில் செய்கிறவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. ஒரு குழுவுக்கு முறையான கணக்குப்பதிவுப் பாடம், இன்னொரு குழுவுக்கு மனதில் நிற்கிற எளிய விதிகள் மட்டும். எளிய விதிகளைக் கற்றவர்கள்தான் அதைக் கடைப்பிடித்தார்கள், கணக்கும் அவர்களிடம்தான் சீரானது. அந்த விதிகளில் முக்கியமானது இந்தப் பணத்தையும் அந்தப் பணத்தையும் பிரித்து வைப்பது. இரண்டு இழுப்பறை வைத்துக்கொள் என்று நாமும் சொல்கிறோம். அருமையான விதி. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டில் இருக்கிற இழுப்பறையே ஒன்றுதான், அதற்கும் பூட்டு இல்லை. பெரியவர்களுக்கு வேலை செய்த விதியை, வீட்டுப் பணத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாத ஒரு பிள்ளையின் தலையில் வைத்து, அது முடியாமல் போனபோது ஒழுக்கத்தைப் பற்றி நான் பேசியிருக்கிறேன்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன்.

நீங்கள் நடத்துகிற இந்த வேலை நேற்று முளைத்தது இல்லை. பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரும் ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்பு 1919இல் அமெரிக்காவில் தொடங்கியபோது அது பள்ளி நேரத்துக்குப் பிறகு கூடுகிற சங்கமாகத்தான் இருந்தது. தொலைபேசிக் கம்பெனித் தலைவராக இருந்த தியோடர் வெய்ல் அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர். 1980களில் நியூயார்க்கில் ஸ்டீவ் மரியோட்டி என்ற வியாபாரி, தெருவில் சில இளைஞர்களிடம் சொற்பக் காசுக்காக அடி வாங்கிய பிறகு, அந்த வயதுப் பிள்ளைகளுக்கே வாத்தியாராகப் போனார். வகுப்பு கையை விட்டுப்போன ஒரு நாள், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதை விற்பதுபோல் பேச ஆரம்பித்ததும் பிள்ளைகள் அமைதியாகிக் கவனித்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1987இல் அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் நடக்கிறது. ஆக, பணமும் பேரமும் பேச்சில் வந்தால் இந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் வகுப்பிலும் அப்படித்தான். பின்னத்தைப் பார்த்தால் ஓடுகிற பையன், தள்ளுபடி போக என்ன மிஞ்சும் என்று கேட்டால் மனக்கணக்காகவே சொல்லிவிடுவான்.

அவர்களுக்கு வியாபார புத்தி இல்லை என்ற நினைப்போடு எழுதப்பட்ட பாடங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். 'தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வேறுபாடு' என்று முதல் பாடம். மாதக் கடைசியில் எந்தக் கடன்காரனுக்கு முதலில் பதில் சொல்லுவது என்று வீட்டில் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதையா சொல்லிக்கொடுப்பது? அந்தப் பாடத்தை அவர்கள் நமக்கு எடுக்கலாம்.

அவர்களிடம் இல்லாதது விழுந்தால் தாங்குகிற மெத்தை. வசதியான வீட்டுப் பிள்ளை போட்ட முதலைத் தொலைத்தால் இரவுச் சாப்பாட்டில் ஒரு கேலியோடு முடிந்துவிடும், பத்து வருடம் கழித்து அதையே மேடையில் கதையாகவும் சொல்லும். என் வகுப்புப் பிள்ளை தொலைத்தால் அது வீட்டில் வேறு எதிலிருந்தோ கழியும். 'தோல்வியைக் கொண்டாடுங்கள்' என்று சுவரில் ஒட்டச் சொல்லி அச்சடித்து அனுப்பியிருந்தீர்கள். நான் ஒட்டவில்லை. தோற்றால் யார் பணம் போகும் என்பதை அதில் எங்கேயும் போடவில்லை. சுவரொட்டி இன்னும் சுருட்டியபடியே அலமாரி மேல் இருக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த மேடை நிகழ்ச்சி. வருடக் கடைசியில் பிள்ளைகள் தங்கள் யோசனையை நடுவர்கள் முன்னால் சொல்லிப் பரிசு வாங்குவார்களே, அது. என் வகுப்பில் 16 வயதுப் பையன் ஒருவன் இருந்தான், கெட்டுப்போன போன்களைப் பிரித்துச் சரி செய்வான். சனி, ஞாயிறுகளில் அதில் உண்மையாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தான். எந்த மாடலில் எந்தத் திரை பொருந்தும், யாரிடம் பாகம் வாங்கினால் ஏமாற மாட்டோம், சரி செய்த போன் திரும்பி வந்தால் என்ன பதில் சொல்வது என்று அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் மேடைக்கு அவனைத் தயார்செய்ய வந்தவர், அது சின்ன வேலை, பெரிதாக வளரக்கூடிய யோசனை ஒன்று சொல்லு என்று சொல்லிவிட்டார். அதனால் அவன் ஒரு செயலியைப் பற்றிப் பத்து ஸ்லைடு போட்டான். அந்தச் செயலியை அவனும் செய்யப்போவதில்லை, நடுவர்களும் செய்யப்போவதில்லை என்பது அந்த அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இரவல் சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். இரண்டாம் பரிசு. ஆள் உயர அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் எல்லா இடத்திலும் வந்தது. பணம் மட்டும் வரவில்லை. வங்கிக் கணக்கு அவன் பெயரில் இல்லை, பெற்றோர் கையெழுத்து வேண்டும், அந்தப் படிவம் வேண்டும், இந்தப் படிவம் வேண்டும் என்று இழுத்து, கடைசியில் கேட்பதையே அவன் நிறுத்திவிட்டான். அட்டையை ஒரு மழைநாளில் கதவிடுக்கில் வைத்ததாகச் சொன்னான். அவன் சொன்ன விதத்தில் நானும் சிரித்துவிட்டேன், ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை அது.

படிவம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான நாடுகளில் 18 வயது ஆகாதவர் போடுகிற ஒப்பந்தம் மற்றவர்களுடையதுபோல் செல்லாது. இணையத்தில் விற்கவும் பணம் வாங்கவும் உள்ள தளங்களும் பெரும்பாலும் 18 கேட்கின்றன. ஆக நாம் "நீ ஒரு முதலாளி" என்று சொல்கிற பிள்ளையின் பணம் வேறு யாரோ ஒருவர் பெயரில்தான் வந்து விழும். அந்த ஒருவர் குடிப்பவராக இருக்கலாம், கடனில் இருப்பவராக இருக்கலாம், வீட்டிலேயே இல்லாதவராகவும் இருக்கலாம். பாடத்திட்டத்தில் சந்தை ஆய்வுக்கு நான்கு வகுப்பு இருக்கிறது, இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

விற்பனை நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்பான்சர் அலுவலகத்தின் வரவேற்பறையில் மேசை போட்டு, பிள்ளைகளை நிறுத்தி விற்கச் சொல்வது. நல்ல எண்ணம்தான், சந்தேகமே இல்லை. பத்தே நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். வாங்குகிறவர்கள் பொருளைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை, மீதிச் சில்லறை வேண்டாம் என்கிறார்கள், பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். ஒரு முறை என் வகுப்புப் பையன் ஒருவன், பின்பக்கம் தையல் பிரிந்த நோட்டும் விற்றதைப் பார்த்து, "அதுவும் போயிடுச்சு சார்" என்று ஆச்சரியப்பட்டான். அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? பொருள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நாம் ஏழையாகத் தெரிந்தால் போதும். இதைவிடக் கெட்ட வியாபாரப் பாடம் இருக்க முடியுமா? முகம் தெரியாத ஒருத்தர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, தாள் ஒரே நிறமாக இல்லையே என்று குறை சொல்லி, விலையைக் குறைத்துக் கேட்டு, கடைசியில் வாங்காமலே போனால் அந்த ஐந்து நிமிடம் வரவேற்பறையில் போட்ட மேசையைவிட எவ்வளவோ மேல்.

அதோடு கடன். 'நாளைக்குத் தருகிறேன்' என்று வாங்கிப் போன பக்கத்து வீட்டு அக்காவிடம் பாக்கியைக் கேட்பது எப்படி? உறவும் கெடக்கூடாது, காசும் வர வேண்டும். என் பிள்ளைகள் அதிகம் திணறுவது இதில்தான். விலை சொல்லவே கூசுகிறவர்கள், அடக்க விலைக்கே கொடுத்துவிட்டு வருகிறவர்கள், பாக்கியை எப்படிக் கேட்பார்கள்? நாங்கள் வகுப்பில் ஒருவர் அக்காவாகவும் ஒருவர் கடைக்காரராகவும் நடித்துப் பார்த்தோம். முதல் நாள் எல்லோரும் சிரித்தே தீர்த்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சின்னப் பெண், "அக்கா, நீங்க தந்தாத்தான் நான் அடுத்த அட்டை வாங்க முடியும்" என்று அழுத்தாமலும் கெஞ்சாமலும் சொன்னாள். அக்காவாக நடித்த பெண் நடிப்பை மறந்து பையில் கைவிட்டுவிட்டாள். உங்கள் கையேட்டில் இப்படி ஒரு பயிற்சி இல்லை, இருந்திருக்கலாம்.

நீங்கள் கேட்கிற அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம். எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள்? எத்தனை பேர் தொழில்முனைவோராக விரும்புகிறார்கள், பயிற்சிக்கு முன் எத்தனை, பின் எத்தனை? இந்த இரண்டு கேள்வியும் என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன. நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியில் மாணவர்கள் சிறு கம்பெனி நடத்துகிற திட்டத்தை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள்; தொழில் தொடங்கும் விருப்பம் கூடவில்லை, குறைந்துதான் போனது. தங்கள் திறமையைப் பற்றிய அவர்களுடைய மதிப்பீட்டிலும் சொல்லும்படி மாற்றமில்லை. அதே நாட்டில் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் செய்த இன்னொரு ஆய்வு 2014இல் வந்தது. அதில் வியாபார அறிவு கூடவில்லை, ஆனால் விடாமுயற்சி, தன்மேல் நம்பிக்கை, புதிதாக யோசிப்பது போன்றவை கூடின. தொழில் தொடங்கும் ஆசை அங்கேயும் குறைந்தது. உங்கள் படிவத்தில் இதை நிரப்பினால் 'திட்டம் தோல்வி' என்று வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனி நடத்துவது என்றால் கணக்கு, பாக்கி, திருப்பிக்கொடுத்த சரக்கு என்று தெரிந்த பிறகு 'இது எனக்கு வேண்டாம்' என்று ஒரு பிள்ளை முடிவெடுத்தால் அது கற்றுக்கொண்டதன் அடையாளம். அந்தப் பிள்ளை நாளை ஒரு வேலைக்குப் போனால், சம்பளம் பேசும்போது தன் 40 நிமிடத்துக்கு விலை சொல்லத் தெரிந்திருக்கும்.

தொழில் தொடங்கிய எண்ணிக்கையும் இதே கதைதான். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதுக் கம்பெனிகளைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கிய நேரத்தில், 45 என்று பெரிய அளவில் தரவுகளைப் பார்த்துச் சொன்ன ஆய்வு இருக்கிறது. 45 வயதில் நடக்கிற ஒன்றை 16 வயதுப் பிள்ளையிடம் மார்ச் மாத அறிக்கைக்குள் கேட்டால் நான் எங்கே போவேன்? பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவர், தம்பிக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கிற பிள்ளையைக்கூட 'கல்வித்துறையில் தொழில் தொடங்கியவர்' என்று எழுதி அனுப்பினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

எப்படிக் கற்றுத்தருவது என்பதிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. வழக்கமான வியாபாரப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு உயரவில்லை. தானாக முன்வந்து செய்வது, தடை வரும் என்று முன்பே யோசிப்பது, விடாமல் பிடிப்பது என்று மனப்போக்கைப் பழக்கிய பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. அவர்கள் பெரியவர்கள், ஏற்கெனவே தொழில் செய்கிறவர்கள், அதனால் அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் பிசினஸ் பிளான் எழுதும் 12 பக்கப் படிவத்தில் நாம் செலவழிக்கிற மாலைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. 'மனப்போக்கு' என்றவுடன் அதற்கும் ஒரு ஊக்கப் பேச்சாளரை அனுப்பிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். பிள்ளை செய்து பார்த்து, கையைக் கடித்து, மறுபடி செய்து பார்க்கும்போது வருவது அது.

கையைக் கடிக்கிற அந்த இடத்துக்குத்தான் உங்கள் பணம் வர வேண்டும். நான் கேட்பது இதுதான்: நஷ்ட நிதி என்று ஒன்று வையுங்கள். பரிசுத் தொகை, மேடை, அலங்காரம், டி-ஷர்ட், அட்டைக் காசோலை எல்லாவற்றுக்கும் ஆகிற செலவை நிறுத்தி, அதை வகுப்பு அலமாரியில் ஒரு பூட்டிய பெட்டியாகக் கொடுங்கள். பிள்ளை ஒரு சுற்றுக்குப் பொருள் வாங்க அதிலிருந்து எடுக்கும், விற்றால் முதலைத் திருப்பி வைக்கும், விற்காமல் போனால் என்ன ஆனது, ஏன் ஆனது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கும், அதோடு கடன் தீர்ந்தது. லாபம் முழுக்கப் பிள்ளைக்கு. அம்மாவுக்கு மருந்து வாங்கினாலும் சரி, தோடு வாங்கினாலும் சரி, நமக்கு அதில் கேள்வி கிடையாது. போட்ட முதல் மட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும். வீட்டில் இல்லாத இரண்டாவது இழுப்பறையாக அந்தப் பெட்டி இருக்கும்.

ஏமாற்றுவார்கள் என்பீர்கள். ஒருசிலர் ஏமாற்றலாம். அதைச் சமாளிக்கிற அளவுக்கு எங்களுக்குப் பிள்ளைகளைத் தெரியும், அதற்கு ஒரே ஆசிரியர் வருடம் முழுக்க இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு புது அண்ணனை அனுப்பி, செல்ஃபி எடுத்து, வழியனுப்பிவிடக் கூடாது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் பாதியில் நின்றுபோகிற பெண்கள் நிறையப் பேர், அவர்கள் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வரட்டும், மூலையில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. வருகைப் பதிவில் பெயர் இல்லாத ஆள் அறைக்குள் இருக்கக்கூடாது என்று இருக்கிற விதியை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

போன் சரி செய்கிற பையன் இப்போது வகுப்புக்கு வருவதில்லை, வேலை அதிகம் என்கிறான். என் போனை அவனிடம்தான் கொடுக்கிறேன், முழுக்காசு வாங்குகிறான், சரியாகவும் செய்கிறான். நோட்டு தைத்த பெண் வருகிறாள். நான் எல்லோர் முன்னாலும் பேசியதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன், அவள் தலையை ஆட்டிவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். இந்த வருடக் கணக்கில் 'என் கூலி' என்று புதிதாக ஒரு வரிசை போட்டிருக்கிறாள். கூலியைச் சேர்த்ததும் விலை ஏறியது, விலை ஏறியதும் விற்பனை இறங்கியது, 11 நோட்டு விற்காமல் அலமாரியில் இருக்கிறது. விலையைக் குறைப்பதா, 40 நிமிடத்தை 25 ஆக்குவதா, இல்லை வேறு ஆட்களிடம் கொண்டுபோய்ப் பார்ப்பதா என்று அவளும் இன்னும் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 11 நோட்டுக்கான அட்டை, நூல் செலவை இப்போதைக்கு யார் கணக்கில் எழுதுவது என்று போன வகுப்பில் கேட்டாள். எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வகுப்பு இருக்கிறது, அதற்குள் பதில் போட்டீர்கள் என்றால் நல்லது.

இப்படிக்கு,
செவ்வாய், வியாழன் மாலை வகுப்பு எடுப்பவன்